படிப்பகத்துச் சுவரில் எழுத ஒரு வரி வேண்டும்

நொய்யல்கரை | திங்கள், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். ஊத்துக்குளிக்குத் தெற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது எங்கள் ஊர். நீண்ட நாள் பூட்டிக் கிடந்த ஓட்டு வீடு ஒன்றை அதன் சொந்தக்காரர் ஊருக்கு விட்டுக்கொடுத்தார். எல்லோரும் சேர்ந்து ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, அதைப் படிப்பகம் ஆக்கியிருக்கிறோம். புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நேற்று ஒரு பெரியவர் தம் வீட்டுப் பரணில் இருந்த கலைக்களஞ்சியத் தொகுதிகளை வேட்டியில் மூட்டையாகக் கட்டி, மொபட்டில் வைத்துக் கொண்டுவந்தார். மொடக்குறிச்சிப் பக்கம் பிறந்த பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை வெளிக்கொணர்ந்த பத்துத் தொகுதிகளில் எட்டு. இரண்டைக் கறையான் தின்றுவிட்டது என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். சாலையைப் பார்த்த சுவர் 14 அடி நீளம். ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் வருகிறார். புத்தகத்தைப் பற்றியோ வாசிப்பைப் பற்றியோ ஒரே ஒரு வாசகம் அதில் எழுத வேண்டும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் நாற்பது வந்து குவிந்தன. 'என்னைத் தலைகுனிந்து பார், உன்னைத் தலைநிமிர வைக்கிறேன்' என்பது மட்டும் ஆறு பேரிடமிருந்து. 'ஒரு கோடி ரூபாய் கிடைத்தால் நூலகம் கட்டுவேன்' என்ற வரி காந்தியின் பெயரோடு வந்தது. எங்கே, எப்போது சொன்னார் என்று அந்தச் செய்தியில் இல்லை. 'ஒரு நூலகம் திறந்தால் ஒரு சிறைச்சாலை மூடப்படும்' என்ற வரியோ ஒருவர் அனுப்பியதில் ஒரு பெயரோடும், இன்னொருவர் அனுப்பியதில் வேறொரு பெயரோடும் இருந்தது.

அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள், வருவார்கள். பத்து ஆண்டுகளாவது அது அங்கே இருக்கும். சொல்லாதவர் பெயரை அதன் கீழ் எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார் | திங்கள், இரவு 9.32

அம்மிணி, இதற்கு ஏன் இத்தனை யோசனை? 'எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும்.' கொன்றை வேந்தன். ஔவையார் பெயரைத் தைரியமாக எழுதலாம். நான் 31 ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். எழுத்துக்கு முன்னால் எண்ணை வைத்த வரி அது, அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

ராஜவீதி வாசகன் | திங்கள், இரவு 10.15

உங்கள் கவலை நியாயமானது. நானும் இதில் ஏமாந்தவன். 'புத்தகங்கள் இல்லாத அறை உயிரில்லாத உடல்' என்று பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோ சொன்னதாக ஒரு வாழ்த்து மடலில் எழுதி, கல்யாண வீட்டில் கொடுத்தும்விட்டேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த வாக்கியம் அந்த வடிவில் அவர் எழுத்தில் கிடையாது.

ஆனால் அவர் உண்மையில் எழுதியது இதைவிட அழகு. தைரானியோ என்ற அறிஞர் வந்து சிசரோ வீட்டுப் புத்தகங்களை ஒழுங்காக அடுக்கிக் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதத்தில், 'என் வீட்டுக்கே ஒரு மனம் வந்து சேர்ந்தது போல் இருக்கிறது' என்கிறார். அலமாரி அடுக்கிய ஒருவரின் உழைப்பைப் பாராட்டிய வரி அது. அந்த வரி ஊர் ஊராகப் போன பிறகு அந்த ஆளும் போய்விட்டார், அலமாரியும் போய்விட்டது, உயிரும் உடலும் மட்டும் மிஞ்சின.

இன்னொரு கடிதத்தில், வர்ரோ என்ற நண்பருக்கு, 'உன் நூலகத்தில் ஒரு தோட்டமும் இருந்துவிட்டால் குறை ஒன்றும் இருக்காது' என்று எழுதியிருக்கிறார். கிணறும் தென்னையும் உள்ள நம் ஊர்த் தோட்டத்தை அவர் நினைத்திருக்க முடியாது. இருந்தாலும் இந்த வரியைப் படித்த அன்று எனக்கு எங்கள் அப்பாருவின் தோட்டத்துச் சாளைதான் நினைவுக்கு வந்தது. திண்ணையில் கயிற்றுக் கட்டில், கட்டிலின் கால்மாட்டில் ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள் முப்பது புத்தகங்கள். வாய்க்காலில் தண்ணீர் மடை மாறும் வரை அவர் படிப்பார்.

பவானி கூடல் | செவ்வாய், காலை 6.05

திருக்குறள் 396.

'தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்
கற்றனைத் தூறும் அறிவு.'

நொய்யல் கரையில் இருக்கும் படிப்பகத்துக்கு மணற்கேணியை விடப் பொருத்தமாக வேறு என்ன கிடைக்கும், அக்கா?

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 8.40

பவானி கூடல், நேற்று வரை என் மனத்திலும் இந்தக் குறள்தான் முதலில் இருந்தது. ஏன் தயங்குகிறேன் என்று சொல்கிறேன்.

என் அம்மாயி வீடு ஆற்றுக்கு மிக அருகில். அம்மாயி சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் கோடையில் ஆற்றில் தண்ணீர் ஓடாது. மணலில் கையால் பள்ளம் பறிப்பார்கள். முழங்கை ஆழம் போனதும் மணல் கறுப்பாக ஈரம் காட்டும். இன்னும் நாலு கை அள்ளினால் ஓரத்தில் இருந்து கசிந்து, கலங்கலாக நிற்கும். அந்தக் கலங்கலை இறைத்து வெளியே ஊற்ற வேண்டும். இரண்டாவது முறை ஊறுவதையும் ஊற்றிவிட வேண்டும். மூன்றாவது முறை ஊறும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதைச் சொரைக் குடுக்கையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். 'அள்ள அள்ளத்தான் கண்ணு வரும், அள்ளாமல் விட்டால் மூடிக்கொள்ளும்' என்பார் அம்மாயி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, குறளும் தெரியாது. பள்ளியில் இந்தக் குறளைப் படித்துவிட்டு வந்து நான் சொன்னபோது, 'இதை எழுதினவர் ஊற்றுப் பறித்திருக்கிறார்' என்றார். அதைவிட நல்ல உரையை நான் எங்கும் படித்ததில்லை.

என் காலத்தில் அந்த ஆற்றில் சாயத் தண்ணீர் ஓடியது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீரை மாடுகூடக் குடிக்கவில்லை. கிணறுகள் கெட்டன, தென்னை கெட்டது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சுத்திகரிப்பில் எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனாலும் இன்றுவரை எங்கள் ஊரில் யாரும் அந்த மணலில் ஊற்றுப் பறித்துக் குடிப்பதில்லை. ஆற்றங்கரை ஊரின் சுவரில் மணற்கேணி என்று எழுதினால், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதைப் படித்துவிட்டு எதை நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் குறள் படிப்பகத்துக்கு உள்ளே இருக்கட்டும். நானே என் கையால் அட்டையில் எழுதி மாட்டுகிறேன்.

பவானி கூடல் | செவ்வாய், இரவு 8.58

இதை நான் யோசிக்கவில்லை. மன்னியுங்கள் அக்கா. உங்கள் அம்மாயி சொன்னதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மஞ்சள் மண்டி | செவ்வாய், இரவு 9.45

யாருக்கும் வருத்தம் வேண்டாம், ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் பெரிய படிப்புப் படிக்காதவர்கள். விரலி மஞ்சளை ஒடித்துப் பார்த்தே உள்நிறமும் காய்ந்த பதமும் சொல்லிவிடுவார்கள். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பதும் நம் முன்னோர் சொன்ன மொழிதானே? புத்தகத்தைப் புகழும் வரிகளையே எல்லோரும் அடுக்குகிறீர்கள். புத்தகத்துக்கு வெளியே உள்ள அறிவை அந்தச் சுவர் சிறுமைப்படுத்திவிடக் கூடாது.

கணக்கு வாத்தியார் | புதன், காலை 5.50

ஐயா, அந்தப் பழமொழி சுரைக்காயைப் பழிக்கவில்லை, ஏட்டையும் பழிக்கவில்லை. எழுதி வைத்ததோடு நின்றுவிட்டவனைத்தான் பழிக்கிறது. வள்ளுவரும் 'கற்றபின் நிற்க அதற்குத் தக' என்று முடித்தார். உங்கள் மண்டியில் மஞ்சளை ஒடித்துப் பார்ப்பவரும் ஒருவரிடம் கேட்டுத்தானே கற்றார்? 'கற்றில னாயினும் கேட்க' என்று அதற்கும் ஒரு குறள் வைத்திருக்கிறார்கள். 414.

அந்தியூர் வெள்ளாமை | புதன், காலை 7.20

கேட்பது என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையை அப்பிச்சியின் தம்பி ராகம் போட்டு வாசிப்பார். களத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டே பத்துப் பதினைந்து பெண்கள் கேட்பார்கள். ஓர் இடத்தில் அவர் ஓர் அடியை விட்டுவிட்டார். அப்பத்தா கடலையைக் கீழே வைத்துவிட்டு, 'ஒன்றைத் தாண்டிவிட்டாயே சாமி' என்றார். திருப்பிப் பார்த்தால், இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. புத்தகத்தை வாழ்நாளில் ஒருமுறைகூடத் தானாகப் படிக்காதவர் அவர். அவரை வாசகர் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

கொறங்காடு | புதன், இரவு 10.30

காங்கேயத்துக்குக் கிழக்கே எங்கள் மேய்ச்சல் நிலம். ஆடு, மாடு வளர்க்கிறேன். படிப்பு பன்னிரண்டாம் வகுப்புதான், ஆனால் படிப்பதை விடவில்லை. இந்த இழையில் யாரும் நன்னூலைச் சொல்லவில்லை என்பது ஆச்சரியம். பவணந்தி முனிவர் பிறந்த சனகாபுரம் நம் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் என்று இங்கே வழிவழியாகச் சொல்கிறோம். மைசூர்ப் பக்கம் என்பாரும் உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

நன்னூலில் மாணாக்கரைத் தரம் பிரிக்கும் இடம் ஒன்று உண்டு.

'அன்னம் ஆவே மண்ணொடு கிளியே
இல்லிக் குடம்ஆடு எருமை நெய்யரி
அன்னர் தலையிடை கடைமா ணாக்கர்.'

அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் நடுத்தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய் வடிகட்டும் நெய்யரி நான்கும் கடை. பசு, நல்ல புல்லைக் கண்டால் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, பிறகு ஓரிடத்தில் படுத்து அசைபோடுமாம். ஆடு அப்படி இல்லையாம். இந்தச் செடியில் ஒரு வாய், அந்தச் செடியில் ஒரு வாய் என்று எதையும் நிறையத் தின்னாமல் அலையுமாம். உரைகாரர்கள் இப்படித்தான் விளக்கம் தருகிறார்கள்.

நான் ஆடு மேய்ப்பவன், எனவே ஆட்டுக்காக ஒரு வார்த்தை பேசுகிறேன். வெள்ளாடு காலை எட்டு மணிக்குப் பட்டியை விட்டு வெளியே வரும். வேலியில் கிளுவைத் தழையில் இரண்டு கடி. முன்னங்காலைத் தூக்கி வைத்து எட்டாத கொழுந்தில் ஒரு கடி. வெள்வேல மரத்தடியில் உதிர்ந்த காய். பவணந்தியார் பார்த்தது உண்மை, அது ஓரிடத்தில் நிற்காது. ஆனால் நான் இரவிலும் பட்டியில் படுப்பவன். பத்து மணிக்கு மேல் சத்தம் அடங்கியதும் எல்லா ஆடுகளும் படுத்துக்கொண்டு அசைபோடும். கீழ்த்தாடை ஒரு பக்கமாக இழுத்து இழுத்து அரைக்கும். கொஞ்ச நேரத்தில் கழுத்து வழியாக ஓர் உருண்டை கீழே இறங்குவது டார்ச் வெளிச்சத்தில் தெரியும். ஒரு நொடி ஓய்வு. அடுத்த உருண்டை கீழிருந்து மேலே வரும். பகலில் நூறு செடியில் கடித்தது எல்லாம் இரவில் ஒன்றாக அரைபடுகிறது. காய்ந்த காட்டில் பசுவுக்குப் புல் இல்லாத மாசியிலும் பங்குனியிலும் ஆடு தேறுவது இதனால்தான்.

பிரான்சிஸ் பேக்கன் என்ற ஆங்கிலேயர் 1597இல் எழுதியது நினைவுக்கு வருகிறது. சில நூல்கள் சுவைத்துப் பார்க்க, சில விழுங்க, மிகச் சில மட்டும் மென்று செரிக்க என்றார். அவருக்கும் இந்த ஆட்டைக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகள் பத்துப் புத்தகங்களைப் புரட்டிவிட்டு ஒன்றையும் முடிக்காமல் போனால் திட்டாதீர்கள். வீட்டில் போய்ப் படுத்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது.

ராஜவீதி வாசகன் | புதன், இரவு 11.05

அண்ணா, இந்த ஒரு பதிவுக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன். நாலடியார் 'கல்வி கரையில கற்பவர் நாள்சில' என்று தொடங்கி, பாலைப் பிரித்துக் குடிக்கும் பறவை போலத் தேர்ந்து படி என்கிறது. அது அன்னத்தின் பக்கம். எனக்கு இருபது வயதில் ஆடு, ஐம்பது வயதில் அன்னம். வயதுக்கு ஏற்ற விலங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

கோன் குடோன் | வியாழன், பிற்பகல் 1.15

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். திருப்பூரில் நூல் என்றால் பஞ்சு நூல்தான். எங்கள் குடோனில் காலையில் முதல் பேச்சே 'நூல் விலை என்ன' என்பதுதான். கொறங்காடு அண்ணன் நன்னூலைத் திறந்துவிட்டார், நான் அதே பாயிரத்தில் வேறு இரண்டு பாட்டுகளைக் காட்டுகிறேன். முதலாவது:

'பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாகச்
செஞ்சொற் புலவனே சேயிழையா – எஞ்சாத
கையேவா யாகக் கதிரே மதியாக
மையிலா நூல்முடியு மாறு.'

பஞ்சுதான் சொல். இழைதான் பனுவல். நூற்கிற பெண்தான் புலவன். அவள் கைதான் வாய். கதிர்தான் அறிவு. குற்றமற்ற நூல் உருவாவது இப்படித்தான். புத்தகத்துக்கு ஏன் நூல் என்று பெயர் வந்தது என்பதை நாலடிக்குள் சொல்லி முடித்துவிட்டார். புறநானூற்று 125ஆம் பாட்டு 'பருத்திப் பெண்டின் பனுவல் அன்ன' என்று தொடங்குகிறது. அங்கே பனுவல் என்பது நூற்பதற்காகக் கொட்டி வைத்த பஞ்சு. பிறகு அதே சொல் புத்தகத்துக்கு ஆகிவந்திருக்கிறது.

என் அம்மா பல்லடம் சாலையில் ஒரு மில்லில் சைடர் வேலை பார்த்தார். நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தின் முன்னால் நடந்துகொண்டே இருக்கும் வேலை. அந்தக் காலத்து ஆட்கள் ஸ்பிண்டிலைக் கதிர் என்றே சொல்வார்கள், நன்னூலில் இருக்கும் அதே சொல். நூற்றுக்கணக்கான கதிர்கள் சுற்றும்போது எங்காவது இழை அறும். அம்மா அந்த பாபினை எடுத்து, அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, வளையத்தில் இருக்கும் சின்னக் கொக்கிக்குள் மாட்டி, மேலே உருளையில் இருந்து மெல்லிதாக இறங்கும் பஞ்சில் கொண்டுபோய்த் தொடுவார். தொட்ட அந்த நொடியில் முறுக்கு ஏறி இரண்டும் ஒன்றாகிவிடும். முடிச்சு கிடையாது. எங்கே அறுந்தது என்று பிறகு அம்மாவாலேயே கண்டுபிடிக்க முடியாது. கண் சிமிட்டும் நேரத்தில் இதைச் செய்துவிட்டு அடுத்த கதிருக்குப் போய்விடுவார். பெருவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் வழவழப்பாக இருக்கும், ரேகையே தெரியாது.

பல ஆண்டுகள் கழித்து இந்த வெண்பாவை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'புலவனைப் பெண்ணாகச் சொல்கிறாரா, பெண்ணைப் புலவனாகச் சொல்கிறாரா?' என்று கேட்டார். 'நூற்கிற பெண்ணைப் போல என்று புலவனைச் சொல்கிறார் அம்மா' என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, 'அப்படியானால் அவருக்கு வேலை தெரிந்திருக்கிறது' என்றார். மில்லில் இருந்து நின்றபோது கிடைத்த கைக்கடிகாரத்தைவிட இந்த நாலு அடி அம்மாவுக்குப் பெரிய மரியாதை.

இரண்டாவது பாட்டின் கடைசி அடிகளைத்தான் நான் சுவருக்குச் சொல்ல வந்தேன்.

'மரத்தின் கனக்கோட்டம் தீர்க்குநூல் அஃதேபோல் மாந்தர்
மனக்கோட்டம் தீர்க்குநூல் மாண்பு.'

தச்சர் மரத்தில் நூல் அடித்து அறுப்பது போல, மனத்தின் கோணலை நூல் நேராக்கும் என்கிறார். நம் ஊரில் கொத்தனாருக்கும் இது புரியும், தச்சருக்கும் புரியும், பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கும் புரியும்.

மஞ்சள் மண்டி | வியாழன், பிற்பகல் 2.40

இதற்கு நான் சம்மதம். என் வாக்கு இதற்கே.

கிளை நூலகம் | வியாழன், இரவு 9.15

நான் நூலகத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுவருக்கு வெளியே எந்த வரி எழுதினாலும் சரி, உள்ளே ஒரு வரியை மறக்காதீர்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் முதல் விதி, 'நூல்கள் பயன்பாட்டுக்கே.' படிக்கும்போது இதிலென்ன புதுமை என்று தோன்றும். நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். இரண்டு இரும்பு பீரோ நிறையப் பிள்ளைகளுக்கான புத்தகங்கள். சாவி தலைமை ஆசிரியரின் மேசையில். தொலைந்துபோனால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் ஆறு ஆண்டுகள் திறக்கவே இல்லை. ஒருநாள் திறந்தபோது பாதிப் புத்தகங்களில் தாள்களைப் பிரிக்க முடியவில்லை, செங்கல் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தன. படங்கள் உள்ள புத்தகங்கள்தான் முதலில் ஒட்டும், வழுவழுத் தாள். யானை படம் கிழிந்து அடுத்த பக்கத்தில் ஒட்டியிருந்ததை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பொது நூலகச் சட்டம் நம் மாநிலத்தில் 1948இலேயே வந்துவிட்டது, சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் இதுவே. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். ஓலைக் குடிசைக்கு வரி கட்டியவர் காசிலும் புத்தகம் வாங்கியிருக்கிறோம். அதைப் பூட்டி வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. உங்கள் படிப்பகத்தில் சாவி எங்கே இருக்கப்போகிறது? அதை முதலில் முடிவு செய்யுங்கள், அம்மா.

நொய்யல்கரை | வியாழன், இரவு 9.50

ஐயா, அந்தக் கேள்வியை நாங்கள் யாருமே கேட்டுக்கொள்ளவில்லை. நாளை ஊரில் பேசுகிறேன்.

சுவடி | வெள்ளி, காலை 6.30

விஜயமங்கலம் உங்களுக்குத் தொலைவில்லை. கொங்குவேளிரின் ஊர் அது. அவர் பாடிய பெருங்கதையை உ. வே. சாமிநாதையர் 1924இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். அதன் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, நடுவில் உள்ளதுதான் ஏட்டில் தப்பி வந்தது. கொங்குவேளிர் வீட்டில் பணிசெய்த பெண்ணே சங்கப் புலவர்களுக்கு அந்த நூலின் பொருளை எடுத்துச் சொன்னாள் என்று கொங்குமண்டல சதகம் ஒரு கதையைப் பாடி வைத்திருக்கிறது. கதையா நடந்ததா என்பது இருக்கட்டும். இந்த வட்டாரத்து மக்கள் தங்கள் பெருமையாகப் பாடிவைக்கத் தேர்ந்தெடுத்தது, வேலைக்காரப் பெண்ணின் வாசிப்பை. நேற்று கோன் குடோன் எழுதிய அம்மாவைப் படித்ததும் எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தாள்.

வரி தேர்வில் நான் புதிதாக எதுவும் சொல்ல விரும்பவில்லை. எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள். 'தீர்க்குநூல்' என்று வெண்பாவில் உள்ளபடியே இருக்கட்டும், 'தீர்க்கும் நூல்' என்று திருத்த வேண்டாம்.

பவானி கூடல் | வெள்ளி, இரவு 8.10

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு என் மகள் உண்டியலோடு போனாள். பள்ளியில் கொடுத்த உண்டியல், ஆண்டு முழுவதும் சேர்த்தது. கடைக்காரர் முன்னால் உடைத்து, நாணயங்களை அவளே அடுக்கி எண்ணிக் கொடுத்தாள். அவர் திரும்ப எண்ணாமல் அப்படியே பெட்டியில் போட்டுக்கொண்டார். அந்தப் புத்தகத்தை இன்றும் யாருக்கும் இரவல் தருவதில்லை. இப்போது, உங்கள் படிப்பகத்துக்கு அதைத் தரலாமா என்று அவளே கேட்டாள். அஞ்சலில் அனுப்புகிறோம் அக்கா.

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 9.20

எழுதி முடித்துவிட்டோம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பெயிண்டர் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். அறுபது வயது இருக்கும். கைபேசியில் இருந்த வாசகத்தை இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பார்த்தார். பிறகு பையில் இருந்து ஒரு பருத்திக் கயிற்றை எடுத்து, நீலப் பொடியில் போட்டுப் புரட்டினார். ஒரு முனையை என்னிடம் கொடுத்துச் சுவரின் கோடியில் பிடிக்கச் சொன்னார். மறு முனையை அவர் பிடித்துக்கொண்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, நடுவில் ஒரு பையனை விட்டு இழுத்துச் சுண்டச் சொன்னார். டப் என்று ஒரு சத்தம். வெள்ளைச் சுவரில் 14 அடி நீளத்துக்கு மயிரிழை போல நீலக்கோடு. இப்படி நான்கு கோடுகள், எழுதப்போகும் இரண்டு வரிகளுக்கு மேலும் கீழும். 'இதற்கு என்ன பெயர் தாத்தா?' என்று அந்தப் பையன் கேட்டான். 'நூல் அடிப்பது' என்றார் அவர். சொன்ன பிறகுதான் சுவரில் என்ன எழுதப்போகிறோம் என்பது அவருக்கே உறைத்தது. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அந்த வெண்பாவை முழுவதும் சொல்லச் சொல்லிக் கேட்டார். மதியம் கூலியில் நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளைகளுக்கு ஏதாவது புத்தகம் வாங்குங்கள் என்றார்.

மனக்கோட்டம் தீர்க்குநூல் மாண்பு. கீழே, நன்னூல், பவணந்தி முனிவர். சுவடி ஐயா சொன்னபடி சந்தி பிரிக்கவில்லை.

மணற்கேணிக் குறள் உள்ளே கதவுக்கு நேரே மாட்டியிருக்கிறது. கொறங்காடு அண்ணனுக்காகத் தரையில் கோரைப் பாய் விரித்து, படப் புத்தகங்களை மட்டும் அதன் மேல் பரப்பி வைத்திருக்கிறோம். யாரும் எதையும் எடுத்துப் புரட்டலாம், எடுத்த இடத்தில் வைக்க வேண்டியதில்லை. அந்தியூரில் இருந்து எழுதியவரின் அப்பத்தா மாதிரி இருப்பவர்களுக்காக வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் சத்தமாக வாசிப்பது என்று முடிவாகியிருக்கிறது. முதல் வாரம் என் முறை.

கிளை நூலகம் ஐயாவுக்கு: மூன்று சாவிகள் செய்திருக்கிறோம். ஒன்று பஸ் நிறுத்தத்து டீக்கடையில், ஒன்று பால் சொசைட்டியில், ஒன்று பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீட்டு ஆயாவிடம். டீக்கடை காலை நாலரைக்குத் திறக்கும். முதல் ஷிப்டுக்குக் கம்பெனி வண்டிக்காக நிற்கும் பெண்கள் மூன்று பேர் இன்று மாலையே வந்து, அந்த நேரத்தில் புத்தகம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.